காசு போச்சு, பாட்டு வரல: போன்ல பாட்டு வாங்கும்போது வர்ற பேமெண்ட் சிக்கல்களை சரி பண்றது எப்படி

எங்க குடும்பத்துல யாருக்கு போன்ல காசு சம்பந்தமா என்ன கோளாறு வந்தாலும் போன் என் கைக்குத்தான் வரும். பாட்டு டவுன்லோடுக்கு காசு கட்டி மாட்டிக்கிட்டவங்க கதை மட்டுமே ஏகப்பட்டது பாத்தாச்சு. பெரும்பாலும் முதல் சிக்கல் சின்னதாத்தான் இருக்கும், அதுக்கப்புறம் பதட்டத்துல செஞ்ச வேலைதான் அதை பெருசாக்கியிருக்கும். பாட்டு வரலன்னு பே பட்டனை மறுபடி அமுக்குறது, ஆப்பை அழிச்சிட்டு திரும்பப் போடுறது, புதுசா இன்னொரு அக்கவுண்ட் தொறக்குறது. இந்த மூணையும் தயவு செஞ்சு முதல்ல பண்ணாதீங்க.

முதல்ல பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், காசு எந்த வழியா போச்சுன்னு. வழி நாலு இருக்கு. ஆப்பிள் இல்லன்னா கூகுள் பிளே ஸ்டோர் வழியா போயிருக்கலாம், பாட்டு கம்பெனியோட வெப்சைட்ல நேரா கார்டோ பேபாலோ போட்டு கட்டியிருக்கலாம், சிம் கணக்குல அதாவது போன் பில்லுலயோ ப்ரீபெய்டு பேலன்ஸ்லயோ பிடிச்சிருக்கலாம், இல்லன்னா கிஃப்ட் கார்டு ஏத்தி வச்ச பேலன்ஸ்ல இருந்து போயிருக்கலாம். எந்த வழியா போச்சோ அந்த வழிக்காரங்கதான் அதை சரி பண்ண முடியும். பாட்டு ஆப்போட கஸ்டமர் கேர்கிட்ட ரெண்டு நாள் மல்லுக்கு நின்னுட்டு, கடைசில காசு எடுத்தது ஆப் ஸ்டோர்னு தெரிஞ்சுக்கிட்டவங்க நிறைய பேர். பேங்க் ஸ்டேட்மெண்டை தொறந்து பேரை பாருங்க. ஆப்பிள் டாட் காம் ஸ்லாஷ் பில்னு இருந்தா ஆப்பிள் வழி, கூகுள்னு ஆரம்பிச்சு பக்கத்துல ஆப் பேரு இருந்தா பிளே ஸ்டோர் வழி, பாட்டு கம்பெனி பேரே நேரா இருந்தா நீங்க அவங்க சைட்ல கட்டியிருக்கீங்க. ஸ்டேட்மெண்ட்ல எதுவுமே இல்லாம போன் பேலன்ஸ் மட்டும் குறைஞ்சிருந்தா அது சிம் வழி.

இன்னொண்ணும் தெளிவா வச்சுக்கணும். பாட்டை வாங்குறது வேற, சந்தா கட்டி டவுன்லோடு பண்றது வேற. ஐடியூன்ஸ் ஸ்டோர், பேண்ட்கேம்ப் மாதிரி இடத்துல காசு குடுத்து எடுத்தது ஃபைலா உங்க கைக்கு வரும். ஐடியூன்ஸ் ஸ்டோர்ல 2003ல விற்பனை ஆரம்பிச்சப்போ பாட்டுக்கு டிஆர்எம்னு ஒரு பூட்டு இருந்துச்சு, 2009ல அந்தப் பூட்டை எடுத்துட்டாங்க, அதனால இப்ப வாங்குற பாட்டு பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் (ஒலித் தரத்தை சொல்ற அளவு) ஏஏசி ஃபைல், எம்பி3 மாதிரி இன்னொரு ஃபார்மேட். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக் சந்தாவுல டவுன்லோடு பட்டனை அமுக்கினா போன்ல இறங்குறது பூட்டு போட்ட பிரதி, சந்தா நின்னா அதுவும் நின்னுடும். இந்த வித்தியாசம் தெரியாததாலதான் பாதிப் பேருக்கு "காசு கட்டி வாங்கின பாட்டை காணோம்"னு தோணுது. இனி உங்க அறிகுறியை தேடிப் பாத்து அங்க போயிடுங்க.

காசு கட் ஆச்சுன்னு மெசேஜ் வந்துடுச்சு, பாட்டு வரல

பேங்க்ல இருந்து வர்ற மெசேஜை வச்சு மட்டும் காசு போயிடுச்சுன்னு முடிவு பண்ண வேணாம். கார்டுல காசு எடுக்கும்போது முதல்ல அந்தத் தொகையை பேங்க் ஒதுக்கி வைக்கும், கடைக்காரர் கணக்கை முடிச்சாத்தான் நிஜமா போகும். ஸ்டேட்மெண்ட்ல பெண்டிங்னு இருந்தா அது ஒதுக்கி வச்ச காசு. பேமெண்ட் பாதில அறுந்து போயிருந்தா அது தானா திரும்பிடும், ஆனா உடனே இல்ல, பேங்க்கை பொறுத்து சில நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் கூட ஆகும். புதுசா கார்டு சேர்த்தப்போ ரொம்ப சின்னத் தொகை ஒண்ணு போய் திரும்பி வந்திருந்தா அது கார்டு உயிரோட இருக்கான்னு பாக்குற சோதனை, பயப்பட வேணாம்.

ரசீது மெயில் வந்திருக்கா பாருங்க, ஸ்பேம் ஃபோல்டர்லயும் பாருங்க. ரசீது வந்திருந்தா வாங்குனது முடிஞ்சுது, பாட்டு எங்கயோ இருக்கு. ஐபோன்ல ஐடியூன்ஸ் ஸ்டோர் ஆப்பை தொறந்து மோர்னு இருக்கற இடத்துல பர்ச்சேஸ்டு உள்ள போனா, இதுவரைக்கும் வாங்கின பாட்டெல்லாம் மேகம் படத்தோட நிக்கும், அதை அமுக்கினா காசில்லாம திரும்ப இறங்கும். பேண்ட்கேம்ப்னா உங்க அக்கவுண்ட்ல கலெக்ஷன் பக்கத்துல இருக்கும். அக்கவுண்ட் இல்லாம வாங்கியிருந்தா மெயில்ல வந்த லிங்க்தான் சாவி, அந்த மெயிலை அழிச்சிடாதீங்க.

அங்கயும் இல்லன்னா நான் அடுத்து கேக்குறது, எந்த மெயில் ஐடில லாகின் பண்ணியிருக்கீங்க? இதுலதான் நான் பாத்தவரைக்கும் அதிகமான கேஸ் மாட்டும். சித்தப்பா போன்ல இப்படித்தான் ஆச்சு, பிளே ஸ்டோர்ல அவர் மெயில் இருக்கு, பாட்டு ஆப்புக்குள்ள தம்பி எப்பவோ அவன் மெயிலைப் போட்டு லாகின் பண்ணி வச்சிருக்கான், சித்தப்பா காசு கட்டினது தம்பி அக்கவுண்ட்டுக்கு போய் சேர்ந்துடுச்சு, சித்தப்பா தன்னோட டேப்லெட்ல வந்து தேடினா எப்படி கிடைக்கும். ரசீது எந்த மெயிலுக்கு வந்துச்சோ, ஆப்புக்குள்ள ப்ரொஃபைல்ல எந்த மெயில் இருக்கோ, ரெண்டையும் எழுதி வச்சு ஒப்பிடுங்க. போன் நம்பர் வச்சு ஒரு தடவை, கூகுள் பட்டனை அமுக்கி ஒரு தடவை, ஃபேஸ்புக் வச்சு ஒரு தடவைன்னு உள்ள போயிருந்தா அது மூணும் தனித்தனி அக்கவுண்ட்டா இருக்க வாய்ப்பு இருக்கு.

அக்கவுண்ட் சரிதான், லிஸ்ட்லயும் பாட்டு இருக்கு, ஆனா இறங்க மாட்டேங்குதுன்னா இது பேமெண்ட் பிரச்சனையே இல்ல. வைஃபை இருந்தா மட்டும் டவுன்லோடுன்னு ஆப் செட்டிங்ஸ்ல இருக்கும், பேட்டரி சேவர் ஆன்ல இருந்தா பின்னாடி நடக்குற டவுன்லோடை போன் நிறுத்திடும், இல்லன்னா மெமரி ஃபுல். நாலு நிமிஷ பாட்டு 256 கேபிபிஎஸ்ல எட்டு எம்பிக்கு கொஞ்சம் கம்மி, அதே பாட்டு ஒலித் தரம் குறையாத ஃபிளாக் ஃபார்மேட்ல அதுக்கு மூணு நாலு மடங்கு ஆகிடும்.

ரெண்டு தடவை கட் ஆயிருக்கு

நிஜமாவே ரெண்டான்னு முதல்ல பாருங்க. ஒண்ணு பெண்டிங், இன்னொண்ணு முடிஞ்சதுன்னா பெண்டிங்ல இருக்கறது விழுந்துடும். இதுல இன்னொரு குழப்பம், ஆப்பிள்ல அடுத்தடுத்து வாங்கினதை சேர்த்து ஒரே தொகையா கார்டுல போடுவாங்க, அதனால ஸ்டேட்மெண்ட்ல இருக்கற தொகை எந்தப் பாட்டோட விலையோடயும் ஒத்துப்போகாது, அதைப் பாத்து யாரோ திருடிட்டாங்கன்னு கார்டையே பிளாக் பண்ணவங்க இருக்காங்க. பர்ச்சேஸ் ஹிஸ்டரியை தொறந்து கூட்டிப் பாருங்க.

ரெண்டு தொகையும் முடிஞ்சு, ரெண்டு ரசீது இருந்து, மாசா மாசம் வர்ற சந்தாவா இருந்தா, பெரும்பாலும் ரெண்டு வழியில சந்தா ஓடிக்கிட்டு இருக்கும். போன்ல ஆப் ஸ்டோர் வழியா ஒண்ணு, கம்ப்யூட்டர்ல வெப்சைட் வழியா ஒண்ணு. ஒண்ணை நிறுத்தினாலும் இன்னொண்ணு போயிட்டேதான் இருக்கும், ஒருத்தருக்கு இன்னொருத்தர்கிட்ட இருக்கறது தெரியாது. எந்த அக்கவுண்ட்ல உங்க பிளேலிஸ்ட் எல்லாம் இருக்கோ அதை வச்சுக்கிட்டு மத்ததை கேன்சல் பண்ணுங்க.

கார்டு டிக்லைன்டுன்னு வருது, ஆனா கார்டுல காசு இருக்கு

காசு இல்லாததால டிக்லைன் ஆகுறது எளிய கேஸ். இருந்தும் ஆகுதுன்னா நான் பாக்குற வரிசை இது. கார்டுக்கு ஆன்லைன்ல கட்டுற அனுமதி ஆன்ல இருக்கா, வெளிநாட்டு பரிவர்த்தனை ஆன்ல இருக்கான்னு பேங்க் ஆப்ல பாருங்க. பாட்டு கம்பெனி வேற நாட்டுல பதிவாகியிருந்தா உங்க ஊர் காசுல விலை போட்டிருந்தாலும் பேங்க் கண்ணுக்கு அது வெளிநாட்டு கட்டணம். அடுத்தது அட்ரஸ். அக்கவுண்ட்ல போட்டிருக்கற பில்லிங் அட்ரஸும் பேங்க்ல இருக்கற அட்ரஸும் ஒண்ணா இருக்கணும், வீடு மாறினதுக்கு அப்புறம் ஒரு பக்கம் மட்டும் மாத்தியிருப்போம். கார்டு புதுப்பிச்சு வந்தா நம்பர் அதேவா இருந்தாலும் முடியுற தேதியும் பின்னாடி இருக்கற மூணு இலக்கமும் மாறியிருக்கும், பழசை அழிச்சிட்டு முழுசா திரும்பப் போடுங்க. ப்ரீபெய்டு கார்டை ஒரு தடவை வாங்குறதுக்கு ஏத்துக்கற சில இடம் சந்தாவுக்கு ஏத்துக்காது. விபிஎன் (நெட்டை வேற நாட்டு வழியா சுத்தி விடுற ஆப்) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிட்டு முயற்சி பண்ணுங்க, கார்டு ஒரு நாடு நெட் ஒரு நாடுன்னா மோசடின்னு நினைச்சு தடுத்துடுவாங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் ஆப்பிள்ல போகலன்னா பழைய பாக்கி ஏதாவது நிக்குதான்னு பாருங்க. எப்பவோ ஒரு சந்தா தொகை கட் ஆகாம நின்னு போயிருந்தா அதை அடைக்கிற வரைக்கும் புதுசா எதையும் வாங்க விடாது, இலவச ஆப் இறக்கக் கூட மறுக்கும். பர்ச்சேஸ் ஹிஸ்டரில அந்தத் தொகை சிவப்பு எழுத்துல நிக்கும், அதை அடைச்சா மத்ததெல்லாம் தானா வழிக்கு வந்துடும்.

ஒரு விஷயம். டிக்லைன் ஆனா அடுத்தடுத்து பத்து தடவை முயற்சி பண்ணாதீங்க. திருட்டு கார்டு உயிரோட இருக்கான்னு சோதிக்கிறவங்க சின்னத் தொகைக்கு பாட்டு மாதிரி ஐட்டத்தை திரும்பத் திரும்ப வாங்கித்தான் பாப்பாங்க, அதனால நீங்களும் அப்படி செஞ்சா பேங்க் கார்டையே பூட்டிடும். ரெண்டு தடவை போகலன்னா நிறுத்திட்டு பேங்க்குக்கு, கார்டு பின்னாடி இருக்கற நம்பர்ல கூப்பிட்டு கேளுங்க, அவங்க தரப்புல தடுத்தாங்களா இல்ல அவங்ககிட்ட வரவே இல்லையான்னு. அவங்ககிட்ட வரவே இல்லன்னா கோளாறு ஸ்டோர் பக்கம்.

ஓடிபி பக்கத்துல சுத்திக்கிட்டே இருக்கு

இது போனுக்கே உள்ள தொல்லை. ஆப்புக்குள்ளயே ஒரு சின்ன பிரவுசர் தொறந்து பேங்க் பக்கத்தை காட்டும், நீங்க ஓடிபி பாக்க மெசேஜ் ஆப்புக்கு போவீங்க, ரேம் கம்மியா இருக்கற போன்ல திரும்பி வர்றதுக்குள்ள அந்த சின்ன பிரவுசர் செத்துப் போயிருக்கும். மெசேஜை தொறக்காம மேல இருந்து இறங்குற நோட்டிஃபிகேஷன்லயே நம்பரை படிச்சு போடுங்க. அப்பவும் ஆகலன்னா மத்த ஆப்பெல்லாம் மூடிட்டு, அந்தக் கம்பெனியோட வெப்சைட்டை சாதாரண பிரவுசர்ல தொறந்து அங்க கட்டுங்க. விளம்பரத்தை தடுக்கிற ஆப் போட்டிருந்தா அதை அந்த நேரத்துக்கு நிறுத்துங்க, பேங்க்கோட பக்கம் புது ஜன்னல்ல தொறக்கும்போது அதை விளம்பரம்னு நினைச்சு இது அடைச்சிடும். ஓடிபியே வரலன்னா பேங்க்ல பதிவான நம்பர் எந்த சிம்ல இருக்கு, அந்த சிம்முக்கு சிக்னல் இருக்கான்னு பாருங்க.

சுத்திக்கிட்டே இருந்தப்போ மூடிட்டீங்கன்னா, திரும்பக் கட்டுறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் விட்டு பர்ச்சேஸ் ஹிஸ்டரியை ஒரு தடவை பாத்துடுங்க. இதை பாக்காம விட்டதாலதான் மேல சொன்ன ரெண்டு தடவை கட் ஆகுற கேஸ் பாதி வருது.

உங்க நாட்டுல கிடைக்காதுன்னு வருது, கிஃப்ட் கார்டு ஏத்துக்க மாட்டேங்குது

பாட்டு உரிமையை நாடு நாடா பிரிச்சுத்தான் விக்கிறாங்க, அதனால ஸ்டோரும் நாடு நாடா பிரிஞ்சிருக்கு. ஒரு நாட்டு கிஃப்ட் கார்டு இன்னொரு நாட்டு அக்கவுண்ட்ல ஏறாது, இதுக்கு குறுக்கு வழி கிடையாது. வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க ஆசையா வாங்கி அனுப்பி வீணாப் போகுறது இப்படித்தான், வாங்குறதுக்கு முன்னாடியே எந்த நாட்டு அக்கவுண்ட்னு கேட்டுக்க சொல்லுங்க.

நிஜமாவே நாடு மாறி குடியேறிட்டீங்கன்னா அக்கவுண்ட்டோட நாட்டை மாத்தலாம். ஆப்பிள்ல அதுக்கு முன்னாடி மிச்ச பேலன்ஸை செலவழிச்சு முடிக்கணும், ஓடுற சந்தாவை எல்லாம் கேன்சல் பண்ணி அது முடியுற தேதி வரைக்கும் காத்திருக்கணும், புது நாட்டுல எடுத்த கார்டு இருக்கணும். ரொம்ப முக்கியம், வாங்கின பாட்டையெல்லாம் முதல்ல இறக்கி ஒரு கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வச்சுக்கோங்க, புது நாட்டு ஸ்டோர்ல அந்தப் பாட்டு இல்லன்னா திரும்ப இறக்க முடியாமப் போகலாம். கூகுள் பிளேல வருஷத்துக்கு ஒரு தடவைதான் நாட்டை மாத்த விடுவாங்க, பழைய நாட்டு பேலன்ஸை புது நாட்டுல செலவு பண்ண முடியாது. ஊருக்கு ஒரு மாசம் போய் வர்றதுக்காக மாத்தி வச்சுடாதீங்க.

வாங்குற பட்டனையே காணோம்

ஆண்ட்ராய்டுல பிளே ஸ்டோர்குள்ள பாட்டை தேடுறீங்கன்னா அந்தக் கடை மூடிட்டாங்க. கூகுள் பிளே மியூசிக் 2020 கடைசில நின்னு போச்சு, அதுக்கு பதிலா வந்த யூடியூப் மியூசிக்ல சந்தா மட்டும்தான், தனிப் பாட்டு விக்கிறதில்ல. ஐபோன்ல மியூசிக் ஆப்குள்ள தேடினாலும் வாங்குற பட்டன் கண்ணுல படாது, அது ஐடியூன்ஸ் ஸ்டோர்னு தனி ஆப்ல இருக்கு, போன்ல காணோம்னா ஆப் ஸ்டோர்ல பேர் போட்டு தேடி இலவசமா இறக்கிக்கலாம்.

ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்ல ஐபோன்ல ப்ரீமியம் வாங்க வழியே இல்லாத மாதிரி இருந்தா அது உங்க போன் கோளாறு இல்ல. ஆப்புக்குள்ள நடக்குற விற்பனையில ஆப்பிள் 30 சதவீதம் வரைக்கும் கமிஷன் எடுக்கும், அதை குடுக்க விரும்பாத கம்பெனி ஆப்புக்குள்ள விக்கிறதையே நிறுத்திடும், வெளிய விலை கம்மின்னு ஆப்ல சொல்லவும் ஆப்பிள் ரொம்ப காலம் விடல. இந்தக் காரணத்துக்காகவே, பாட்டு ஆப்களை பேச விடாம வச்சதுக்கு, ஐரோப்பிய கமிஷன் 2024 மார்ச்ல ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல அபராதம் போட்டுச்சு. அமெரிக்காவுல 2025ல கோர்ட் உத்தரவு வந்ததுக்கு அப்புறம் அங்க ஆப்புக்குள்ளயே வெளி லிங்க் வைக்க முடியுது. மத்த இடத்துல பிரவுசரை தொறந்து அந்தக் கம்பெனி சைட்டுக்கு நேரா போய் கட்டிட்டு வந்து ஆப்ல லாகின் பண்ணுங்க, வேலை முடிஞ்சுது. சில சந்தா ஐபோன் ஆப்ல வாங்கினா விலை கூட இருக்கும், யூடியூப் ப்ரீமியம் அப்படித்தான், அதனால எனக்கு எப்பவுமே முதல்ல வெப்சைட்ல விலையை பாத்துடற பழக்கம்.

டவுன்லோடு பண்ணி வச்ச பாட்டெல்லாம் சாம்பல் நிறமாயிடுச்சு

அக்கா பொண்ணு பஸ் பயணத்துக்காக ராத்திரி முழுக்க வைஃபைல இறக்கி வச்சா, பாதி வழில ஒண்ணும் பாடல. இது நடக்குற காரணத்தை வரிசையா சொல்றேன். சந்தாக் காசு இந்த மாசம் கட் ஆகாம ஃபெயில் ஆகியிருக்கும், கொஞ்ச நாள் சும்மா பாட விட்டு அப்புறம் பூட்டிடுவாங்க, பேமெண்ட் மெத்தடை சரி பண்ணினா திரும்ப தொறக்கும். ரெண்டாவது, போன் ரொம்ப நாளா நெட்டுல சேராம இருந்திருக்கும். ஸ்பாட்டிஃபைலயும் யூடியூப் மியூசிக்லயும் 30 நாளைக்கு ஒரு தடவையாவது நெட்டை ஆன் பண்ணி ஆப்பை தொறக்கணும், அப்பதான் சந்தா உயிரோட இருக்குன்னு அது சரி பாத்துக்கும். மூணாவது, ஸ்பாட்டிஃபைல அஞ்சு டிவைஸ்லதான் டவுன்லோடு வச்சுக்கலாம், ஒவ்வொண்ணுலயும் பத்தாயிரம் பாட்டு வரைக்கும். ஆறாவது டிவைஸ்ல இறக்கினா ரொம்ப நாளா தொடாத டிவைஸ்ல இருக்கறது சத்தமில்லாம அழிஞ்சிடும். நாலாவது, ஆப்பை அழிச்சுப் போட்டிருப்பீங்க, அழிச்சா இறக்கினதும் சேர்ந்து போயிடும், அதனாலதான் ஆரம்பத்துலயே அதை பண்ணாதீங்கன்னு சொன்னேன். மெமரி கார்டுல சேமிச்சிருந்து அந்தக் கார்டை கழட்டி மாட்டினாலும் சில ஆப் எல்லாத்தையும் மறந்துடும்.

ஒண்ணு ரெண்டு பாட்டு மட்டும் சாம்பலாகி மத்தது பாடுதுன்னா உரிமை முடிஞ்சு கம்பெனியே எடுத்திருப்பாங்க. சந்தாவுல இதுக்கு காசு திரும்பக் கேக்க முடியாது. ரொம்ப பிடிச்ச, இல்லாம இருக்க முடியாத பாட்டுன்னு மனசுல படுறதை மட்டும் தனியா காசு குடுத்து ஃபைலா வாங்கி வச்சுக்கோங்கன்னுதான் எல்லாருக்கும் சொல்வேன்.

ஆப்பை அழிச்சாச்சு, இன்னும் மாசா மாசம் காசு போகுது

ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது. ஐபோன்ல செட்டிங்ஸ் தொறந்து மேல இருக்கற உங்க பேரை அமுக்கி சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போங்க, ஆண்ட்ராய்டுல பிளே ஸ்டோர் தொறந்து உங்க படத்தை அமுக்கி பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போங்க, அங்க கேன்சல். அங்க இல்லன்னா நீங்க வெப்சைட்ல கட்டினது, பிரவுசர்ல லாகின் பண்ணி அங்கதான் நிறுத்தணும். பேபால் வழின்னா பேபால்ல தானியங்கி கட்டணம்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதையும் பாத்துடுங்க. இலவச டிரையல்னா கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க, ஆப்பிள்ல முடியுறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே நிறுத்தியாகணும். பெரும்பாலான ஆப்ல இன்னைக்கே கேன்சல் பண்ணினாலும் டிரையல் முடியுற வரைக்கும் பாடும், ஆனா எல்லாத்துலயும் இல்ல, கேன்சல் அமுக்கும்போது வர்ற வரியை படிங்க.

கார்டு, பேங்க் எதுலயும் போகல, போன் பேலன்ஸ் கரையுது

எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம் இது. பாதிக்கப்படுறது பெரும்பாலும் வயசானவங்களும், கம்மி பேலன்ஸ் போட்டு ஓட்டுறவங்களும்தான். ரிங்டோன், காலர் டியூன், தினம் ஒரு பாட்டுன்னு ஒரு பேனர் வரும், விரல் பட்டுடும், அவ்வளவுதான். மொபைல் டேட்டாவுல இருக்கும்போது நம்பரை நீங்க டைப் பண்ணாமலே ஆபரேட்டர் வழியா அந்த சைட்டுக்கு தெரியப்படுத்த முடியும், அதனால ஒரு அமுக்குலயே சந்தா ஆரம்பிச்சிடும், தினமோ வாரமோ சின்னத் தொகையா பிடிப்பாங்க. சின்னத் தொகைங்கறதால மாசக் கணக்குல யாரும் கவனிக்க மாட்டாங்க. ஆபரேட்டர்களும் இதுல பங்கு வாங்கினதுண்டு, அமெரிக்காவுல 2014ல ஏடி அண்ட் டி கம்பெனி இப்படி வாடிக்கையாளர் பில்லுல அனுமதியில்லாம சேர்த்த தொகைக்காக 10.5 கோடி டாலர் குடுத்து வழக்கை முடிச்சுக்கிச்சு.

சரி பண்ற வழி. முதல்ல மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க. மெசேஜ் பெட்டில நாலு அஞ்சு இலக்க நம்பர்ல இருந்து வந்ததை தேடுங்க, சந்தா ஆரம்பிச்ச மெசேஜ்ல நிறுத்துறதுக்கு என்ன பதில் அனுப்பணும்னு இருக்கும், பெரும்பாலும் ஸ்டாப்னு அனுப்பணும். மெசேஜே கிடைக்கலன்னா ஆபரேட்டருக்கு கூப்பிட்டு ஓடுற மதிப்புக்கூட்டு சேவை எல்லாத்தோட பேரையும் வாசிக்க சொல்லி ஒவ்வொண்ணா நிறுத்த சொல்லுங்க, அதோட நிக்காம இனிமே இந்த நம்பர்ல மூணாவது ஆள் கட்டணம் எதுவும் வேணாம்னு மொத்தமா தடுக்க சொல்லுங்க. புகார் எண் வாங்கி எழுதி வைங்க. பாட்டியோட போன்ல இப்படி மூணு சேவை ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவங்களுக்கு மெசேஜ் படிக்கவே தெரியாது, அவங்க சம்மதம் குடுத்தாங்கன்னு கஸ்டமர் கேர்ல சொன்னதை கேட்டப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. விடாம கேட்டதுல கடைசி ரெண்டு மாசத்து காசு திரும்ப வந்துச்சு.

நிறுத்தின பிறகும் ஒரு வாரத்துல புதுசா சந்தா முளைக்குதுன்னா போன்ல ஒரு கெட்ட ஆப் இருக்கு. ஜோக்கர்னு ஒரு வகை மால்வேர், வால்பேப்பர், மெசேஜ் ஆப், ஸ்கேனர் மாதிரி வேஷத்துல வந்து, நமக்கு வர்ற மெசேஜை தானே படிச்சு, நமக்கு தெரியாம சந்தாவுல சேர்த்து விட்டுடும். 2020 ஜனவரில கூகுள், இந்த வகையில 1,700 ஆப்பை பிளே ஸ்டோர்ல இருந்து எடுத்திருக்கோம்னு சொன்னாங்க. செட்டிங்ஸ்ல எந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி இருக்கு, எதுக்கு நோட்டிஃபிகேஷன் படிக்கிற அனுமதி இருக்குன்னு பாருங்க. டார்ச் லைட் ஆப்புக்கு எஸ்எம்எஸ் எதுக்கு? அதை எடுத்து வீசுங்க.

நீங்களே விரும்பி போன் பில்லுல கட்டலாம்னு நினைச்சு அது போகலன்னா அது வேற விஷயம், வைஃபையை அணைச்சிட்டு மொபைல் டேட்டாவுல முயற்சி பண்ணுங்க, ரெண்டு சிம் இருந்தா எந்த சிம்ல பதிவு பண்ணீங்களோ அதுல டேட்டா ஓடணும். ஆபரேட்டர் வச்சிருக்கற மாச உச்சவரம்பை தாண்டினாலும் போகாது.

நான் வாங்கவே இல்ல, ரசீது வந்திருக்கு

வீட்டுல குழந்தைங்களை முதல்ல மெதுவா கேளுங்க, திட்டினா உண்மை வராது. ஆப்பிள் ஃபேமிலி ஷேரிங்ல பர்ச்சேஸ் ஷேரிங் ஆன்ல இருந்தா குடும்பத்துல யார் வாங்கினாலும் குழுவை ஆரம்பிச்சவரோட கார்டுலதான் போகும். குழந்தைங்க அக்கவுண்ட்டுக்கு ஆஸ்க் டு பைங்கறதை ஆன் பண்ணிட்டா உங்க போனுக்கு அனுமதி கேட்டு வரும். பிளே ஸ்டோர்லயும் ஒவ்வொரு தடவையும் கைரேகையோ பாஸ்வேர்டோ கேக்குற மாதிரி வச்சுக்கலாம்.

யாரும் வாங்கலன்னா அந்த மெயில்ல இருக்கற லிங்க்கை தொடாதீங்க. பெரிய தொகைக்கு பாட்டு சந்தா வாங்கிட்டீங்க, கேன்சல் பண்ண இங்க அமுக்குங்கன்னு வர்ற போலி ரசீது ரொம்ப சகஜம். ஸ்டோரை நீங்களே தொறந்து பர்ச்சேஸ் ஹிஸ்டரி பாருங்க, அங்க இல்லன்னா மெயில் பொய். அங்கயும் இருந்துச்சுன்னா பாஸ்வேர்டை மாத்தி, தெரியாத டிவைஸை எல்லாம் லாக் அவுட் பண்ணி, அப்புறம் பேங்க்குக்கு சொல்லுங்க.

ஜிப் ஃபைல் வந்துச்சு, பாட்டு எங்க?

ஆல்பமா வாங்கினா ஜிப்பா வரும். ஐபோன்ல ஃபைல்ஸ் ஆப்ல டவுன்லோட்ஸ் போய் அதை ஒரு தடவை அமுக்கினா பிரிஞ்சுக்கும், ஆனா அந்த எம்பி3 தானா மியூசிக் ஆப்குள்ள போகாது, கம்ப்யூட்டர் வழியாத்தான் ஏத்தணும், இல்லன்னா விஎல்சி ஆப் போட்டு அதுல கேட்டுக்கலாம். ஆண்ட்ராய்டுல பிரிச்சு மியூசிக் ஃபோல்டர்ல போட்டா எந்த பிளேயரும் எடுத்துக்கும். பிரிக்கும்போது ஜிப்பும் பாட்டும் சேர்ந்து ரெண்டு மடங்கு இடம் பிடிக்கும், பாதில நிக்கறது பெரும்பாலும் அதனாலதான்.

எல்லாம் பாத்தாச்சு, காசு திரும்ப வேணும்

ஆப்பிள் வழின்னா ரிப்போர்ட் எ ப்ராப்ளம்னு அவங்களுக்கே ஒரு பக்கம் இருக்கு, ரசீது மெயில்ல இருந்தும் போகலாம், வாங்கினதை தேர்ந்தெடுத்து காரணம் சொன்னா ரெண்டு நாளைக்குள்ள பதில் வரும். கூகுள் வழின்னா 48 மணி நேரத்துக்குள்ள கேட்டா அவங்ககிட்டயே கேட்டுடலாம், தாண்டிட்டா பெரும்பாலும் அந்த ஆப் கம்பெனிகிட்ட போக சொல்வாங்க, அதனால தள்ளிப் போடாதீங்க. நேரா கட்டினதுன்னா அந்தக் கம்பெனியோட ஆப்புக்குள்ள இருக்கற உதவிப் பக்கம் வழியா மட்டும் போங்க. கஸ்டமர் கேர் நம்பரை நெட்டுல தேடி முதல்ல வர்றதுக்கு கூப்பிடாதீங்க, காசு திரும்பத் தர்றேன்னு சொல்லி ஸ்கிரீன் ஷேரிங் ஆப் போட சொல்றவங்க, ஓடிபி கேக்குறவங்க, கிஃப்ட் கார்டு நம்பரை படிக்க சொல்றவங்க எல்லாரும் திருடங்க. எழுதும்போது ஆர்டர் எண், தேதி, தொகை, எந்த மெயில் ஐடி, ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் முதல் மெசேஜ்லயே குடுத்துடுங்க, இல்லன்னா அவங்க அதைக் கேட்டு நீங்க குடுக்குறதுலயே ஒரு வாரம் போயிடும்.

எதுவும் நடக்கலன்னா பேங்க்ல டிஸ்பியூட், அதாவது இந்தக் கட்டணத்தை ஏத்துக்கலன்னு புகார், போடலாம், ஆனா அதை கடைசியா வச்சுக்கோங்க. பேங்க் வழியா காசை திரும்ப இழுத்தா அந்த ஸ்டோர் உங்க அக்கவுண்ட்டையே முடக்கிடலாம், பல வருஷமா வாங்கி சேர்த்த பாட்டெல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கும். டிஸ்பியூட் ஃபார்மை தொறக்குறதுக்கு முந்தின ராத்திரியே, வாங்கின பாட்டு அத்தனையையும் இறக்கி வேற ஒரு இடத்துல காப்பி எடுத்து, ரெண்டு மூணை போட்டு நிஜமா பாடுதான்னு கேட்டுப் பாத்துடுங்க.